ஞாயிறு ஆட்டத்துக்கு நான் அனுப்பிய பிள்ளை

உங்கள் ஆண்டு மலருக்கு, இளம் பயிற்றுநர்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பிடியுங்கள். பத்தொன்பது வருடம் பேஸ்பால் பழக்கிவிட்டு வீட்டில் இருக்கும் என்னிடம் மிச்சம் இருப்பது கோபம். அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்தவர்களில் ஏழு பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளே, ஜேர்மனியில் பிறந்து வளர்ந்து, இந்த நாட்டுக்காரரே சரியாக விளங்கிக்கொள்ளாத ஒரு விளையாட்டைப் பழக்க வந்திருக்கிறீர்கள். எறிவது எப்படி, அடிப்பது எப்படி, ஓடுவது எப்படி என்பதெல்லாம் உங்கள் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு பிள்ளையின் வலது கையைப் பற்றி. பதினேழு வயதுக் கை. அதை நான் எப்படிப் பாழாக்கினேன் என்பதைப் பற்றி.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் வதனி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து எல்லே அணியில், அதாவது கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் நம் ஊர் ஆட்டத்தில், இருந்தவள். அகதியாக வந்து ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படையினரின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். ஒருநாள் வேலிக்கு வெளியே வந்து விழுந்த பந்தை எடுத்து எறிந்தேன். அது நேராகப் போய் மைதானத்தின் நடுவில் நின்ற பயிற்றுநரின் கையுறைக்குள் விழுந்தது. அந்த மனிதர் என் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வரும்படி சொன்னார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அவர் ஒரு ஓய்வுபெற்ற சார்ஜன்ட். இளவயதில் பிட்சராக, அதாவது மேட்டில் நின்று அடிப்பவரை நோக்கிப் பந்து எறிகிறவராக, இருந்தவர். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவருக்கு ஆறு பந்தோடு மூச்சு விட இடம் உண்டு. பேஸ்பாலில் பிட்சருக்கு அது கிடையாது. தோளும் முழங்கையும் பிய்ந்துபோகும் வேகத்தில் ஒரே ஆள் நூறு தடவை எறிய வேண்டும். அந்த சார்ஜன்டுக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டையின் மேல் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுவார். ஏன் என்று கேட்டேன். "சனிக்கிழமை எறிந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் எறியச் சொன்னார்கள். எறிந்தேன்" என்றார்.

எனக்கு அது போதும். பிற்பாடு நான் பயிற்றுநராக வேலைக்குச் சேர்ந்த பேஸ்பால் கழகத்தில் முதல் நாளே, வீரர்கள் உட்காரும் நீள இருக்கைக்கு, அந்த வாங்குக்கு, மேலே ஒரு பலகையில் எழுதி மாட்டினேன்: சனிக்கிழமை எறிந்தவர் ஞாயிற்றுக்கிழமை எறியக்கூடாது. பெரியவர்களின் ஆட்டத்தில் அப்படி எந்த விதியும் இல்லை. அது என் விதி. பெற்றோர் கெஞ்சினார்கள், பிள்ளைகள் அழுதார்கள், நான் மசியவில்லை. "வதனியின் பலகை" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று இருந்தேன்.

நிதுசன் எட்டு வயதில் என்னிடம் வந்தவன். தகப்பன் சிறி ட்ராம் ஓட்டுகிறவர். பயிற்சிக்குத் தகுந்த மாதிரி வேலை நேரத்தை மாற்றி மாற்றி, ஒரு நாள் தவறாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர். தாய் முதியோர் இல்லத்தில் வேலை. அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது நான் பழக்கியதல்ல, அப்படியே பிறந்தது. பதினேழு வயதில் அவன் எறிந்த பந்தை முப்பது வயது ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெற்கே ஒரு விளையாட்டு விடுதிப் பள்ளி, அடுத்த வசந்தத்தில் வந்து எறிந்து காட்டும்படி கூப்பிட்டிருந்தது. அங்கே இடம் கிடைத்தால் அதற்குப் பிறகு அமெரிக்கா. சிறி அந்தக் கடிதத்தை நாலாக மடித்து ட்ராம் ஓட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடம் கோடை நடுவில் எங்கள் பெரியவர் அணியின் தலைமைப் பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கழகத்துக்குப் போய்விட்டார். கழகத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பருவம் முடியும்வரை அணியைப் பார்க்கச் சொன்னார். தலைவர் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். ஆளைப் பார்த்தவுடன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் பழக்கம். எனக்கு அப்போது அந்தப் பழக்கம் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போது எரிச்சல் வருகிறது.

அரசியல் எப்படி வாங்குக்கு வருகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அணியில் இரண்டு அமெரிக்கர்கள் இருந்தார்கள். அவர்களுடைய நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் ஒரு வேட்பாளரின் தொப்பியோடு வந்தான். மற்றவன் அந்த வேட்பாளரின் பெயரைக் கேட்டாலே காறித் துப்புவான். பஸ்ஸில் வாய்ச்சண்டை. பிறகு பேச்சே இல்லை. ஒரு ஆட்டத்தில் ஒருவன் எறிந்த பந்து தவறிப் பின்னால் உருண்டது. அதைப் பிடிக்க ஓடவேண்டிய மற்றவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு ஓட்டம் போனது. அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் இரண்டு பேரையும் எழுப்பினேன். "உங்கள் ஜனாதிபதியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாங்கில் அவருக்கு இடம் இல்லை" என்று சொல்லி, இருவரையும் உடுப்பு மாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டேன். ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒழுங்காக ஓடினார்கள். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வதனி, நீ ஆள்தான் என்று.

ஆள்தான்! பார்த்துக்கொண்டே வாருங்கள்.

எங்கள் அணி ப்ளேஆஃபுக்குத் தகுதி பெற்றது. மூன்று ஆட்டம். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. இரண்டை வெல்பவர்களுக்குக் கோப்பையும் மேல் பிரிவில் இடமும். இதற்கு இரண்டு வாரம் கழித்துக் கழகத்தின் பொதுக்கூட்டம். அங்கே தலைவர் தேர்தல். சொஃப்ட்போல் பிரிவைப் பார்க்கும் ஒரு பெண் வழக்கறிஞர் தலைவரை எதிர்த்து நிற்கப் போவதாக அறிவித்திருந்தார். அவர் வென்றுவிடக்கூடும் என்றும் பேச்சு இருந்தது. தலைவருக்குக் கோப்பை தேவைப்பட்டது விளையாட்டுக்காக அல்ல.

அவர் என்னைத் தன் கடைக்கு அழைத்துக் கோப்பி தந்தார். ஒரு கடிதத்தைக் காட்டினார். வென்றால் நான் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநர். "இந்தப் பிரதேசத்திலேயே முதல் பெண், அதுவும் உங்களைப் போன்ற ஒருவர்" என்றார். என்னைப் போன்ற ஒருவர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று தெரிந்தும் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ஆட்டத்துக்கு யார் யார் எறிவது என்பதுதான் ப்ளேஆஃபில் பெரிய கணக்கு. சிறந்த பிட்சரை முதல் ஆட்டத்தில் இறக்கினால் கடைசி ஆட்டத்தில் ஆள் இல்லை. கடைசிக்கு என்று வைத்தால் கடைசி ஆட்டமே வராமல் போகலாம். தலைவர் நிதுவை ஞாயிறுக்கு வைக்கச் சொன்னார். நான் மறுத்தேன். சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் எறிந்துவிட்டால் பலகை அவனைக் காப்பாற்றும், ஞாயிறு யாரும் அவனைக் கேட்க முடியாது என்பது என் எண்ணம். இப்போதும் சொல்கிறேன், அது சரியான முடிவு. அந்த வாரம் முழுவதிலும் நான் எடுத்த ஒரே சரியான முடிவு.

சனிக்கிழமை நிது எறிந்தான், வென்றோம். பிற்பகல் ஆட்டத்தில் தோற்றோம். எல்லாம் ஞாயிறுக்கு வந்து நின்றது.

ஞாயிறு சுற்றுவட்டாரத்து நம் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சிறி ஒரு பெட்டி நிறைய வீட்டில் பொரித்த பற்றீஸோடு நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் எறிந்தவர் முப்பத்தெட்டு வயதுக் கணித ஆசிரியர் ஒருவர். எட்டு இன்னிங்ஸ் உயிரைக் கொடுத்து எறிந்தார். ஒரு ஓட்டம் முன்னிலை. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் அவருக்குக் கை தளர்ந்துவிட்டது. ஒருவர் அவுட். ஆனால் மூன்று தளங்களிலும் எதிரணியின் ஆட்கள் ஓட்டம் எடுக்கத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் கோப்பை. ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் போச்சு.

எனக்கு மிச்சம் இருந்த பிட்சர் டிம். நல்ல பிள்ளை, சாதாரணமான கை. டிம்மைத் தயாராகும்படி கைகாட்டினேன்.

அப்போது தலைவர் வாங்குப் பக்கம் இறங்கி வந்தார். ஆட்டம் நடக்கும்போது வீரர்களையும் பயிற்றுநர்களையும் தவிர வேறு யாரும் அங்கே வரக்கூடாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் காதருகே குனிந்து, "டிம்மா? வதனி, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? உங்கள் பையன் அங்கே சும்மா இருக்கிறான்" என்றார்.

இரண்டு அமெரிக்கர்களை எழுப்பி அனுப்பியவள் நான். ஒரு தொப்பிக்காக அனுப்பியவள். இந்த மனிதரைப் பார்த்து "வெளியே போங்கள்" என்று இரண்டு சொல் சொல்ல என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான் நிதுவைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே கையுறையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

என் உதவியாளன் யோனாஸ், இருபத்துமூன்று வயது ஜேர்மன் பையன், குறுக்கே வந்தான். "வதனி, வேண்டாம். காலையில் அவனைக் கேட்டேன். முழங்கையின் உள்பக்கம் இழுக்கிறது என்றான். காரில் வரும்போது ஐஸ் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்."

நிதுவை மூலைக்குக் கூட்டிப் போனேன். தமிழில் கேட்டேன்.

"நிது, கை நோகுதோ?"

"இல்லை அன்ரி."

"உண்மையாச் சொல்லு. யோனாஸிட்ட என்னவோ சொன்னியாம்."

"அது காலமை அன்ரி. இப்ப ஒண்டுமில்லை."

"எறிய ஏலுமோ?"

"ஓம் அன்ரி. ஏலும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். ஒரே கை, இரண்டு பதில். ஜேர்மன் மொழியில் யோனாஸ் கேட்டபோது இழுக்கிறது என்றான். தமிழில் நான் கேட்டபோது ஒன்றுமில்லை என்றான். நான் எதை நம்பினேன்? தமிழை. நம் பிள்ளை, நம் மொழியில், என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறான், இதில் பொய் வருமா என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. பச்சையாகச் சொன்னால், எனக்குத் தேவையான பதிலைச் சொன்ன மொழியை நம்பினேன்.

நீங்கள் எல்லோரும் நம் வீடுகளில் வளர்ந்தவர்கள். தாயின் வயதில் ஒருத்தி, எட்டு வயதிலிருந்து உங்களைத் தூக்கி வளர்த்த மாதிரிப் பழக்கியவள், பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவள், உங்களிடம் "ஏலுமோ" என்று கேட்டால் ஏலாது என்று சொல்வீர்களா? அந்தக் கேள்விக்கு நம் வீட்டில் ஒரு பதில்தான் உண்டு. காய்ச்சலோடு பரீட்சைக்குப் போகிறவனும் அந்தப் பதிலைத்தான் சொல்வான். யோனாஸ் அவனுக்கு வெறும் யோனாஸ். நான் அன்ரி. அவன் யாரிடம் உண்மையைச் சொல்ல முடியாதோ, அந்த ஒரே ஆளாகப் போய் நின்று அந்தப் பிள்ளையிடம் உண்மை கேட்டிருக்கிறேன். இந்தப் பிழையை ஒரு ஜேர்மன்காரரால் செய்திருக்கவே முடியாது. அதற்கு நான் வேண்டியிருந்தது.

நிது மேட்டுக்குப் போனான். வேலிப் பக்கம் நம் ஆட்கள் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது. முதல் ஆளை ஏழு பந்தில் அவுட்டாக்கினான். தலைவர் என் தோளில் தட்டினார். இன்னும் ஒரு ஆள். முதல் பந்தை எறிந்தான். இரண்டாவது பந்து கையை விட்டுப் போன திசை எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடிப்பவருக்குப் பத்தடி தள்ளி நிலத்தில் விழுந்தது. எதிரணி ஓட்டம் எடுக்காமல் எங்கள் ஆள் பாய்ந்து தடுத்துவிட்டான். நிது மேட்டில் குனிந்து நின்றான். கத்தவில்லை. திருப்பி எறிந்த பந்தை இடது கைக் கையுறையில் வாங்கிக்கொண்டு, வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நடந்து என்னிடம் வந்தான். பந்தை என் கையில் தந்தான்.

"சொறி அன்ரி" என்றான்.

மன்னிப்புக் கேட்டது அவன்.

டிம் போனான். ஒரே பந்து. அடித்தவன் அதை உயரத் தூக்கினான். அந்த அமெரிக்கர்களில் ஒருவன் ஓடிவந்து பிடித்தான். ஆட்டம் முடிந்தது. சாதாரணக் கை என்று நான் ஒதுக்கிய டிம் ஒரே பந்தில் முடித்துவிட்டான். முதலிலேயே அவனை அனுப்பியிருந்தால் வென்றிருப்போமோ தோற்றிருப்போமோ, யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையின் முழங்கை முழுசாக இருந்திருக்கும். எல்லோரும் மைதானத்துக்குள் பாய்ந்து கட்டிப்பிடித்தார்கள். தலைவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நின்றபோது நான் யோனாஸின் காரில் நிதுவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிறி தன் காரில் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

முழங்கைக்கு உள்ளே எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு எழுதலாம், சாப்பிடலாம், பந்தை மெதுவாக எறிந்து விளையாடலாம். பழைய வேகத்தில் எறிவது இனிச் சந்தேகம் என்று மருத்துவர் சொன்னார். சிறி ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார். அன்று போட்டிருந்த சட்டைப்பையிலும் மடித்த கடிதம் இருப்பது வெளியே தெரிந்தது.

வெளியில் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் கேட்டது பிழை, ஜேர்மனில் கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"விடுங்கோ அக்கா. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இதை ஒரு பிரச்சினையாக்காதேங்கோ. அவங்கள் எங்களை இவ்வளவு காலமும் நல்லா வச்சிருக்கிறாங்கள்" என்றார்.

யார் யாரை நல்லாக வைத்திருக்கிறார்கள்? ஒன்பது வருடம் மைதானத்துப் புல்லை வெட்டியது இந்த மனிதர். கழக விழாவுக்கு நூற்றுக்கணக்கில் ரோல்ஸ் சுட்டுக் கொடுத்தது இவருடைய மனைவி. பிள்ளையின் கையையும் கொடுத்துவிட்டு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டு நிற்கிறார். கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவரைப் பார்த்துக் கத்துவதற்கு எனக்கு என்ன உரிமை?

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை பிற்பகல் பொதுக்கூட்டம். கோப்பை மேசையில் இருந்தது. எதிர்த்து நிற்க இருந்த வழக்கறிஞர் விலகிக்கொண்டார். கோப்பையோடு நிற்கிற மனிதரை யார் எதிர்ப்பது? தலைவர் எழுந்து பருவ அறிக்கை வாசித்தார். கடைசியில் நிதுவைப் பற்றிச் சொன்னார்.

"நம் இளம் வீரர் தானாக முன்வந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. பயிற்றுநர் அவருடைய தாய்மொழியிலேயே கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் அனுப்பினார். இதைவிடப் பொறுப்பாக நடக்க முடியாது."

கைதட்டினார்கள். என் தாய்மொழியைத் தூக்கித் தன் முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். வேலை நியமனக் கடிதம், இப்போது கையெழுத்தோடு, என் கைப்பைக்குள் இருந்தது.

நான் எழுந்தேன். "யோனாஸ் என்னிடம் சொன்னார், கை இழுக்கிறது என்று. தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன். வரக்கூடாத இடத்துக்கு நீங்கள் இறங்கி வந்து கேட்டதால் அனுப்பினேன்" என்றேன்.

தலைவர் சிரித்தார். "அப்படியானால் பிழை உங்களுடையது, வதனி."

"என்னுடையதுதான். அதனால் எனக்கு இந்தப் பதவி வேண்டாம்." கடிதத்தைக் கொண்டுபோய்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "என் பிழைக்கு நான் இதைத் தருகிறேன். உங்களுடையதற்கு நீங்கள் என்ன தரப் போகிறீர்கள்?"

யாரோ பின்னால் இருந்து, நேரமாகிறது, வாக்கெடுப்பை நடத்துங்கள் என்றார்.

நடத்தினார்கள். பதினாறு வயதைத் தாண்டிய உறுப்பினர்கள் எல்லோருக்கும் வாக்கு உண்டு; ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கை. முன்வரிசையில் சிறியின் கையும். எதிர்ப்பவர்கள் என்றார்கள். யோனாஸ் உயர்த்தினான், நான் உயர்த்தினேன். மூன்றாவதாக ஒரு இடது கை உயர்ந்தது. வலது கை கட்டோடு மடியில் கிடக்க, நிது இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

சிறி திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று தன் கையையும் உயர்த்தினார்.

எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்."

சிறி தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னார்: "அது பழக்கத்தில் தூக்கியது. இதுதான் வாக்கு."

சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருவருக்கு ஒரு வாக்குத்தான் என்று எழுதிக்கொண்டார்கள். தலைவர் பெரும்பான்மையோடு மீண்டும் தெரிவானார். இன்றைக்கும் அவர்தான் தலைவர். பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் சிறியிடம் போனேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதர் என்னைப் பேசவிடவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என்னோடு கோபமாகப் பேசினார்.

"அக்கா, தமிழிலை கேட்டன், ஜேர்மனிலை கேட்டிருக்க வேணும் எண்டு அண்டைக்கு நீங்கள் என்னட்டச் சொன்னனீங்கள். எந்த மொழியிலயும் கேட்டிருக்கக் கூடாது. அவனைக் கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவான். என்னைக் கேட்டிருந்தாலும் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். எங்களுக்கு வேற சொல்லத் தெரியாது. அதாலதான் பிள்ளையை உங்களிட்ட விட்டனான். ஏலாது எண்டு சொல்லுறது உங்கடை வேலை."

நிது காரில் ஏறி இருந்தான். வலது கையால் பெல்ட்டை இழுக்க முடியாது. சிறி குனிந்து மகனுக்குக் குறுக்காகப் பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கம் போய் ஏறினார். நம் ஆட்கள் எவ்வளவு கோபத்திலும் புறப்படும்போது "போட்டு வாறம்" என்று சொல்லாமல் போகமாட்டார்கள். அவர் சொல்லாமல் போனார்.